பெண் வீட்டாருக்காக வளர்த்த புல்

வீடு பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை, வீட்டுக்கு முன்னால் கிடக்கும் நிலத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. நிலம் பச்சையாக இருந்தால் சம்பந்தம் முடியும். காய்ந்து கிடந்தால் காபியோடு எழுந்துவிடுவார்கள். இந்தக் கொள்கையை நிறுவியவர் என் மாமனார். மற்ற நாங்கள் அதன் சாதாரண உறுப்பினர்கள்.

அதனால்தான் அன்று காலை நான் கருக்கரிவாளோடு புல்லுக்குள் இறங்கப் போனபோது, அவர் வரப்பின் மேல் இரண்டு கைகளையும் அகல விரித்து, பேருந்தை மறிக்கிறவரைப் போல நின்றார்.

"கை வைக்காதம்மா. புதன்கிழமை வராங்க."

"போன புதனுக்கும் இதத்தான் சொன்னீங்க மாமா."

"போன புதன் அவங்களுக்கு ஆவல. அதுக்குப் புல்லு என்ன பண்ணும்?"

"மாடு என்ன பண்ணும் மாமா?"

அவர் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். செவலை, கறுப்பி, சுட்டி என்று எங்களிடம் மூன்று மாடுகள். மூன்றும் கயிறு எவ்வளவு தூரம் விடுமோ அவ்வளவு தூரம் கழுத்தை நீட்டி, இருபது அடி தள்ளி நின்ற பச்சையை முகர்ந்துகொண்டிருந்தன.

"அதுங்களுக்கும் நம்ம பழனிவேலு மேல பாசம் இல்லியா? ரெண்டு நாள் பொறுத்துக்கட்டும்" என்றார்.

அந்த இரண்டு நாள் ஆனி மாதத்தில் தொடங்கி ஆவணியில் முடிந்தது.

வெடித்த மண்

எங்கள் ஊர் சிறுவாச்சூரிலிருந்து உள்ளே திரும்பிச் செல்லும் சாலையில் இருக்கிறது. கரிசல் மண். கோடையில் அது வெடிக்கும் வெடிப்பில் ஒரு முறை என் பேனா விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று.

பழனிவேல் என் கணவரின் தம்பி. அப்போது முப்பத்து மூன்று வயது. பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஒரு மோட்டாரைக் காதோடு வைத்துக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவான். மனிதர்களிடம் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு எழாது. மாமியார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். ஆகவே பெண் தேடும் பொறுப்பு மாமனாருக்கும், உள்ளூர்ப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திவந்த எனக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் வந்த சம்பந்தம் சித்திரை வெயிலில் வந்தது. அந்தப் பெண்ணின் பெரியம்மா வண்டியிலிருந்து இறங்கி நடந்தபோது, அவருடைய செருப்பு நிலத்து வெடிப்பில் மாட்டிக்கொண்டது. நான்கு பேர் சேர்ந்து எடுத்தோம். செருப்பு வந்தது. சம்பந்தம் போயிற்று. "சொல்லி அனுப்பறோங்க" என்றார்கள். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது.

மாமனார் அதிலிருந்து ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தார். அடுத்து வருகிறவர்கள் வெடிப்பைப் பார்க்கக் கூடாது.

என்ன பயிரிடலாம் என்று அவர் பல நாள் ஆராய்ந்தார். பருத்தி வெடிக்கும்போது அழகு. மற்ற நாளில் சீந்துவாரில்லை. மக்காச்சோளம் அறுத்த பிறகு மழிக்காத தாடி. சின்ன வெங்காயம் நல்ல பச்சைதான், ஆனால் வேனுக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டாது. கடைசியில் பூலாம்பாடிப் பக்கமிருந்து ஒருவர் கம்பு நேப்பியர் புல்லின் கரணைகளை, நடுவதற்கான தண்டுத் துண்டுகளை, கொண்டுவந்து கொடுத்தார். கம்பையும் யானைப்புல்லையும் ஒட்டி உண்டாக்கிய தீவனப் புல் அது. ஆள் உயரத்துக்கு வளரும் என்றார். மாமனாரின் கண்கள் மின்னின.

சாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அரை ஏக்கரில் அடுத்த சித்திரையில் கரணை ஊன்றினோம்.

துண்டறிக்கை

வடை மடித்துக் கொடுக்கும் தாளையும் எண்ணெய் துடைத்துவிட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கால்நடை முகாமில் கொடுத்த தீவனப் பயிர்த் துண்டறிக்கையை நான் மூன்று முறை படித்திருந்தேன்.

அது சொன்னது எளிமையானது. நட்டு இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு. பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை. தரையிலிருந்து அரைச் சாண் விட்டு அறுக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் புல் உயரும், எடை கூடும். ஆனால் இலை குறைந்து தண்டு பெருகும், தண்டு மரமாகும், மாட்டுக்குச் சத்து கிடைக்காது. விளைச்சல் வேறு, தரம் வேறு. இரண்டும் சந்திக்கும் நாளில் அரிவாள் வைக்கிறவரே விவசாயி.

ஒரு மாலையில் இதை மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வகுப்பில் நான் இதைவிட மோசமான கவனத்தையெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர் கண்ணை மூடி முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்:

"இத எழுதின சாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"எனக்கெப்படித் தெரியும் மாமா?"

"ஆயிருக்கும். அதான் கவலையில்லாம அறுக்கச் சொல்றாரு."

மாடு தின்பது எதுவோ அதுதான் பாலாக வருகிறது என்பதை நான் துண்டறிக்கை பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் பிறந்தது அரியலூர்ப் பக்கம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகும் சாலை. சாலையோரப் புல் எப்போதும் வெள்ளையாக இருக்கும். என் அம்மா அதைக் கீரை அலசுவதைப் போலத் தொட்டியில் அலசித்தான் மாட்டுக்குப் போடுவாள். அலசாமல் போட்டால் மாடு ஒரு முறை 'புஸ்' என்று ஊதிவிட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

திருமணமாகி வந்த புதிதில் இன்னொரு பாடம். வெங்காய அறுவடைக் காலத்தில் கறுப்பி அவிழ்த்துக்கொண்டு போய், ஒதுக்கி வைத்திருந்த வெங்காயத் தாளை ஒரு குவியல் தின்றுவிட்டது. மறுநாள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு எங்கள் வீட்டுப் பாலில் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "டீச்சர், இதுக்கு இட்லி எங்க?" என்று கேட்டார்.

இவ்வளவு அனுபவம் இருந்தும் நான் மாமனாரிடம் தோற்றுத்தான் போனேன். ஏனென்றால், பழனிவேலுக்கு நிச்சயம் ஆக வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

ஆனி, ஆடி, ஆவணி

ஆனிக் கடைசியில் புல் அறுக்கும் பதத்தில் நின்றது. அந்த வாரம்தான் கீழப்பழுவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வருவதாகத் தரகர் சொன்னார். பெண்ணின் பெயர் கௌசல்யா. அங்கே பால் சங்கத்தில் பால் பரிசோதிக்கும் வேலை.

புதன்கிழமை வரவில்லை, பெண்ணின் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். அடுத்த புதனும் வரவில்லை, அத்தைக்கு மாவுக்கட்டு. பிறகு ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணப் பேச்சே கிடையாது. ஆவணி முதல் வாரம் வருகிறோம் என்றார்கள். அவர்களுடைய பங்காளி ஒருவர் இறந்து, பதினாறு நாள் தீட்டு.

ஒவ்வொரு செய்திக்கும் மாமனார் உண்மையாகவே வருந்தினார். வருந்தி முடித்ததும் புல்லுக்கு ஒரு கை யூரியா வீசித் தண்ணீர் கட்டினார். புல் அவருடைய தலையைத் தாண்டியது. கரண்டுக் கம்பத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு உயரம் பார்த்தார். சாலையில் போன ஊர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன சின்னய்யா, கரும்பு ஆலைக்கு என்னைக்கு வெட்டு?" என்று கேட்டார். மாமனார் அன்று இரவு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

என் கணவர் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசியபோது, மாமனார் போனைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போய் முழு அழகையும் காட்டினார்.

"நல்லாருக்குப்பா. வூடு எங்க?"

"பின்னாடி இருக்குடா."

"தெரியலியே."

"புல்லுதாண்டா முக்கியம்."

இதற்கிடையில் போராக அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டை தீர்ந்துவிட்டது. புல் வந்துவிடும் என்று நம்பி நாங்கள் வேறு எதுவும் சேர்த்து வைக்கவில்லை. விலைக்கு வாங்கிய வைக்கோலைப் போட்டோம். மாடுகள் மென்றன, பச்சையைப் பார்த்துக்கொண்டே மென்றன. பால் இறங்கியது. பால் எடுக்க வருகிறவர் டிகிரி பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, தண்ணி ஊத்தறதுன்னா கொஞ்சம் பாத்து ஊத்தக் கூடாதா?" என்றார். என் வாழ்நாளில் என்மீது விழுந்த முதல் கலப்படக் குற்றச்சாட்டு அது.

ஒரு நாள் மழையும் காற்றும் வந்து, முன்வரிசைப் புல் சாய்ந்தது. மாமனார் மூங்கில் ஊன்றிக் கயிறு கட்டி அதை நிமிர்த்தினார். மாட்டுத் தீவனத்துக்கு முட்டுக் கொடுத்த குடும்பம் பெரம்பலூர் மாவட்டத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்று நான் துணிந்தேன். சாலையிலிருந்து தெரிவது முன்வரிசைகள்தான். கொட்டகைப் பக்கத்துக் கடைசி வரிசைகளை யார் பார்க்கப் போகிறார்கள்? மாமனார் எழுவதற்கு முன்பு தினமும் ஒரு கட்டு அறுத்து மாடுகளுக்குப் போட்டேன். ஒரு வாரத்தில் மூன்று வரிசை. ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஏழு வரிசை குறைந்திருந்தது. கணக்கு தப்புகிறதே என்று மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் போனேன். மோட்டார் அறையின் பின்னாலிருந்து ஒரு புல்கட்டு நடந்து வந்தது. அதற்குக் கீழே பழனிவேலின் கால்கள்.

"அண்ணி, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"நீயும் சொல்லிடாத."

"எனக்குப் பொண்ணு பாக்கறதுக்கு இதுங்க ஏன் அண்ணி பட்டினி கெடக்கணும்?" என்றான். அவன் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

வீடு எங்கே?

தீட்டுக் கழிந்து, ஆவணிக் கடைசியில் ஒரு முகூர்த்த நாளில் வந்தார்கள். எங்கள் வீட்டை இரண்டு முறை கடந்து போனார்கள். மூன்றாவது முறை தரகர் போன் செய்தார்.

"ஏங்க, நாங்க ஒரு கரும்புக் காட்டுக்கிட்ட நிக்கிறோம். வூடு எங்கங்க?"

மாமனார் புல்லுக்குள் புகுந்து மறுபக்கம் சாலையில் வெளிப்பட்டார். வேனில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

தரகரைத் தவிர இறங்கியவர்கள் மூன்று பேர். பெண்ணின் அம்மா, திருச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் தாய்மாமன், மூன்றாவதாக, பெண்ணே. வீடு பார்க்கப் பெண் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அம்மா கூச்சத்தோடு சொன்னார்: "நான் இருக்கப் போற வூட்ட நான் பாக்காம யாரு பாக்கறதுங்குது. என்ன பண்றது?"

தாய்மாமன் இடுப்பில் கை வைத்துப் பயிரை அண்ணாந்து பார்த்தார். "அருமையான கரும்புங்க. நல்ல வருமானமா?"

என் மாமனார் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. "எல்லாம் சாமி புண்ணியம்" என்று மட்டும் சொன்னார்.

தாய்மாமன் மகிழ்ந்து, கைக்கு எட்டிய தண்டு ஒன்றை ஒடித்து, சோகையைக் கிழித்து, கடைவாயில் வைத்துக் கடித்தார். மெல்லத் தொடங்கினார். அவர் முகத்தில் முதலில் எதிர்பார்ப்பு இருந்தது, பிறகு சந்தேகம், பிறகு, வந்த இடத்தில் துப்பக் கூடாது என்ற நல்ல வளர்ப்பு.

"கொஞ்சம் முத்தல் போல" என்றார் சிரமப்பட்டு.

"மாமா, துப்புங்க. அது மாட்டுத் தீவனம்" என்றாள் கௌசல்யா.

அவள் குனிந்து அடித்தண்டை விரலால் சுண்டினாள். மூங்கிலைத் தட்டிய ஓசை வந்தது. கீழிலைகள் எல்லாம் காய்ந்து தொங்கின.

"இத எத்தன மாசமா அறுக்கல?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் பழனிவேலைப் பார்த்தேன். அவன் முட்டுக் கொடுத்த மூங்கிலைப் பார்த்தான்.

"அறுக்கவே இல்லம்மா" என்றார் மாமனார். "நீங்க வந்து பாக்கணும்னு விட்டு வெச்சோம்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்ச் செவலையின் இடுப்பெலும்பில் கை வைத்தாள். அந்த எலும்பின் மேடு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

தாய்மாமன் கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காட்டறதுக்கு ஒண்ணு, உள்ளார ஒண்ணு. நாளைக்கு எங்க பொண்ணையும் இப்படித்தான் வாசல்ல சோடிச்சு நிறுத்திட்டு, உள்ள பட்டினி போடுவீங்களா?"

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் பள்ளிக்கூடப் பையனைப் போல நிற்பதை அன்றுதான் கண்டேன்.

கௌசல்யா கை கழுவக் கொட்டகைக்குப் பின்னால் வந்தாள். அங்கே அறுத்த வரிசைகளில் புல் மறுபடியும் தளிர்த்து, முழங்கால் உயரத்தில் இலையும் இலையுமாக நின்றது.

"இது யாரு அறுத்தது?"

"மூணு வரிசை நான். மீதி அவன்."

அவள் திரும்பி, தூரத்தில் மூங்கிலோடு மூங்கிலாக நின்ற பழனிவேலைப் பார்த்தாள்.

"அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நாங்க நெனச்சுட்டிருக்கோம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு என் போன் நம்பரைக் கேட்டு வாங்கினாள்.

விருந்து தயாராக இருந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் சம்மதமென்றால்தான் அந்த வீட்டில் சாப்பிட உட்காருவார்கள். கை நனைத்தல் என்போம். தாய்மாமன், நாங்கள் போட்டிருந்த இலைகளைப் பார்த்து, "சொல்லி அனுப்பறோங்க" என்றார். வேன் போய்விட்டது. ஐந்து இலைகள் காற்றில் படபடத்தன.

நாற்பத்தைந்து நாள்

அன்று மாலையே மாமனார் அரிவாளை எடுத்தார். கருக்கரிவாள் அந்தத் தண்டில் இறங்கவில்லை. வெட்டுக்கத்தி வேண்டியிருந்தது. அப்பாவும் மகனும் மூன்று நாள் வெட்டினார்கள். தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கொடுத்தோம். அது ஒரு முறை உறுமிவிட்டு பெல்ட்டை அறுத்துக்கொண்டது. மாடுகள் நுனி இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மூக்கால் தள்ளின. ஐந்து மாதப் பாடு கோழிக்கூண்டுக்கு வேலியாயிற்று.

"அந்த நோட்டீஸ இன்னொரு தடவ படிம்மா" என்றார் மாமனார். எழுதியவரைப் பற்றி இம்முறை எதுவும் கேட்கவில்லை. அரைச் சாண் விட்டு அடித்தாளைச் சீராக்கி, தொழுவுரம் போட்டு, தண்ணீர் கட்டினார். நாட்காட்டியில் ஒரு நாளைச் சுழித்து, அதிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

பத்தாவது நாள் என் போன் ஒலித்தது.

"அக்கா, கௌசல்யா பேசறேன். புல்ல வெட்டிட்டீங்கன்னு தரகர் சொன்னாரு. தூருல புதுத் தளிரு நல்லா வெடிச்சிருக்கா?"

"வெடிச்சிருக்கும்மா."

"வரிசைக்கு நடுவுல வேலிமசால் போடுங்க, பயறு வகைத் தீவனம் அது. வெதைய சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்துட்டு வெதைங்க, இல்லன்னா மொளைக்காது. புல்லு மட்டும் போட்டா மாட்டுக்குப் பத்தாது." போனை வைத்துவிட்டாள்.

இருபதாவது நாள் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். முப்பதாவது நாள், இலை அதிகமா தண்டு அதிகமா என்று கேட்டாள். பழனிவேல் ஒவ்வொரு முறையும் கதவோரம் வந்து நின்றான்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சா அண்ணி?"

"வேலிமசாலப் பத்திக் கேட்டுச்சு."

"அது யாரு போட்டதுன்னு சொன்னீங்களா?"

நாற்பத்தைந்தாவது நாள் ஐப்பசியில் வந்தது. புல் மாமனாரின் நெஞ்சளவு நின்றது. இலை மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. அவர் காலையில் அதைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் விட்டா கொஞ்சம் ஒசரமா..." என்று தொடங்கி, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. கௌசல்யாவும் அவள் அம்மாவும் இறங்கினார்கள். கடைசியாகத் தாய்மாமன் இறங்கினார்.

"கடிச்சுப் பாக்கச் சொல்லக் கூடாதுன்னு கண்டிசன் போட்டுட்டுத்தாங்க வந்தேன்" என்றார்.

மாமனார் சிரிக்க முயன்றார். பிறகு, "அன்னைக்கு நீங்க சொன்னது சரிதாங்க" என்றார். தாய்மாமன் எதிர்பார்க்கவில்லை. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அட, விடுங்க. புல்லுதானே" என்றார்.

பழனிவேல் அரிவாளைக் கௌசல்யாவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. "நீங்களே அறுங்க. சரியா அறுக்கறீங்களான்னு பாக்கறேன்" என்றாள். அவன் குனிந்து, அரைச் சாண் விட்டு, ஒரு வரிசை முழுக்க நிமிராமல் அறுத்தான். அவள் ஒரு கைப்பிடி எடுத்து ஒடித்துப் பார்த்தாள். ஓசையில்லாமல் மடங்கியது. மூன்று மாடுகளும் தின்னத் தொடங்கின.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பசிக்குது. வூட்டுல என்ன இருக்கு?"

அன்று நான் விருந்தெல்லாம் சமைக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பும் மோரும் இருந்தன. அவள் அம்மா தாய்மாமனைப் பார்த்தார். அவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, "கை கழுவத் தண்ணி எங்கம்மா?" என்று கேட்டார்.

மாமனார் அப்போது கொட்டகையில் இருந்தார். நான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கையிலிருந்த புல்லைத் தொட்டியில் போட்டுவிட்டு, செவலையின் காதருகே குனிந்து, "கை நனைச்சுட்டாங்க" என்று சொன்னார்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாமனார் அதற்குப் பிறகு சில வருடங்கள் இருந்தார். நாள் எண்ணுகிற வேலையைக் கடைசிவரை அவரே செய்தார். கறுப்பியும் சுட்டியும் அவருக்கு முன்பே போய்விட்டன. என் கணவர் வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போகிறார். இப்போது வீட்டில் பழனிவேலும் கௌசல்யாவும் நானும் இருக்கிறோம். கொட்டகையில் செவலை இருக்கிறாள்.